படகு உறங்கும் இடம்

யானையைக் கட்டித் தீனி போடுவது போல என்பது நம் இல்லங்களில் அடிக்கடி கேட்கும் பேச்சு. வாங்கும் நாளிற் பெருமையும், வாங்கிய பின்னர் ஓயாத பராமரிப்பும் தருகின்ற பொருள் எதுவாயினும் அதற்கு இப்பேச்சுப் பொருந்தும். ஒரு குடும்பம் முதன்முதலாக வாங்கும் இயந்திரப் படகுக்கு இது முற்றும் பொருந்தும் என்பதை நாம் சொல்லவும் வேண்டுமோ?

நம் நாட்டின் வடக்கிலும் கிழக்கிலும் படகு என்பது நெடுங்காலமாகக் கடற்றொழிலாளர் வீட்டுச் சொத்து. உழவனுக்குக் கலப்பை எப்படியோ அவர்களுக்குப் படகு அப்படி. ஆயினும், கடற்றொழிலைச் சாராத குடும்பத்தாரும் இக்காலத்திற் சிறு படகொன்று வாங்க எண்ணுவதை நாம் காண்கின்றோம். ஓய்வூதியப் பணம் கைக்கு வந்திருக்கும். அல்லது கனடாவிலோ இலண்டனிலோ இருக்கும் மகன் பணம் அனுப்பியிருப்பான். விடுமுறைக்கு வரும் பேரப்பிள்ளைகளைக் கடனீரேரியில் ஏற்றிச் செல்ல வேண்டும், ஓய்வு நாளில் தூண்டில் போட வேண்டும், தீவிலுள்ள கோயிலின் திருவிழாவுக்குச் சொந்தப் படகிலே போய்வர வேண்டும் என்று ஆசைகள் பல. அவை நல்ல ஆசைகளே. நாற்புறமும் நீர் சூழ்ந்த நாட்டிலே பிறந்து, நீர்மேற் செல்லும் இன்பத்தை அறியாமலே வாழ்ந்து முடிப்பதும் ஒரு குறைதான்.

இத்தகைய அன்பர்கள் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் இரண்டு. எந்தப் படகு நல்லது? எத்தனை குதிரைவலு இயந்திரம் பூட்டலாம்? இவ்விரண்டுக்கும் விடை கூறுமுன் நாம் மூன்றாவது கேள்வி ஒன்றைக் கேட்க விரும்புகின்றோம். வாங்கப்போகும் படகு எங்கே உறங்கப்போகின்றது?

சிறு கணக்கொன்று பார்ப்போம். மழைநாள், காற்று நாள், வேலை நாள் எல்லாம் நீங்க, ஆண்டில் 30 நாள்கள் படகு ஓடும் என்று வைத்துக்கொள்வோம். நாளொன்றுக்கு 4 மணித்தியாலம் என்றால், ஓடும் நேரம் 120 மணித்தியாலம். ஓராண்டில் உள்ளவையோ 8,760 மணித்தியாலங்கள். ஆகவே, குடும்பப் படகொன்று நீரில் ஓடுங் காலம் நூற்றுக்கு ஒன்றரை வீதமும் இல்லை. எஞ்சிய தொண்ணூற்றெட்டரை வீதமும் அது எங்கோ ஓரிடத்தில் வாளா கிடக்கின்றது. படகின் ஆயுளைத் தீர்மானிப்பது அந்தக் கிடைதான். கிடக்கும் இடத்தை எண்ணாது ஓடும் வேகத்தை மாத்திரம் எண்ணிப் படகு வாங்குவோர், நூற்றில் ஒரு பங்கை எண்ணி எஞ்சியதை மறந்தவராவர்.

கரையோரக் கிராமங்களிற் செல்லும்போது, தென்னை நிழலில் மழைநீர் நிரம்பிப் பாசி பிடித்து, வெடிப்புகளிற் புல் முளைத்து நிற்கும் படகுகளைக் காணலாம். பணம் போயிற்றே என்ற கவலை அங்கே இரண்டாவது கவலை. இரண்டு ஆண்டுகள் அவ்வாறு கிடந்த படகை, பிள்ளைகள் வந்துவிட்டார்கள் என்று ஒரு நாள் அவசரமாகக் கழுவி நீரில் இறக்குவதுண்டு. அதுவே முதற் கவலை. இற்றுப்போன பலகை இற்றுவிட்டது என்று முன்கூட்டிச் சொல்லாது. நடுக்கடலில் இயந்திரத்தோடு பெயர்ந்து விழும்போதே சொல்லும். கரையிலே காட்டிய கவலையீனந்தான் கடலிலே விபத்தாக மாறுகின்றது. ஆதலால், படகைச் சேமித்து வைக்கும் முறை சிக்கனம் பற்றிய காரியம் மாத்திரமன்று. உயிர் பற்றிய காரியம்.

இடம் மூன்று வகை

சிறு படகுக்கு உறங்கும் இடம் மூன்று வகையில் அமையலாம். ஒன்று, இறங்குதுறையில் நீரிலேயே கட்டிவைத்தல். இரண்டு, கரையில் இழுத்து ஏற்றிவைத்தல். மூன்று, வீட்டு வளவுக்குக் கொண்டுவந்து வைத்தல்.

நீரிற் கட்டிவைப்பது பார்வைக்கு எளிது. நாள்தோறும் துறைக்குச் செல்லும் தொழிலாளருக்கு அது பொருந்தும். மாதத்தில் இருமுறை செல்லும் குடும்பத்துக்குப் பொருந்தாது. உவர்நீரில் ஓயாது மிதக்கும் படகின் அடியிற் சில வாரங்களுக்குள் பாசியும் சிப்பியும் பற்றிக்கொள்ளும், வேகம் குறையும், எரிபொருள் கூடும். நார்ப்படகின் மேற்பூச்சினுள்ளும் நீர் மெல்ல ஊறிக் கொப்புளங்களை உண்டாக்கும். அன்றியும், கண்காணிப்பார் இல்லாத துறையில் இயந்திரம் ஓரிரவிலே களவு போகக்கூடும்.

கரையில் ஏற்றிவைப்பது நடுத்தரமான வழி. ஆயின், படகை ஏற்றி இறக்க எத்தனை கைகள் வேண்டும் என்று எண்ணுதல் அவசியம். பனங்குற்றிகளைக் கீழே உருட்டி நாலைந்து பேர் தள்ளினால் ஏறும் படகை, தந்தையும் மகனுமாக இருவர் மாத்திரம் தள்ளி ஏற்றுதல் இயலாது. உதவிக்கு ஆள் வேண்டியிருக்கும் ஒவ்வொரு முறையும் படகு நீரிலேயே விடப்படும். இது மனித இயல்பு.

வீட்டு வளவே குடும்பப் படகுக்கு உத்தமமான இடம். அதற்குக் காரின் பின்னே பூட்டி இழுக்கும் ட்ரெயிலர் வேண்டும். இங்கேதான் அளவுகோல் கைக்கு வரவேண்டும். 18 அடி நீளமான படகு, பின்னே தொங்கும் இயந்திரம், முன்னே நீண்டிருக்கும் ட்ரெயிலரின் தண்டு ஆகிய எல்லாம் சேர 22 அல்லது 23 அடியாகும். யாழ்ப்பாணத்து ஒழுங்கைகளின் முடக்குகளை அறியாதார் யார்? இரு பக்கமும் மதில் எழுப்பிய ஒழுங்கையில் 23 அடி நீளமான ஒன்றைத் திருப்பிப் படலைக்குள் நுழைப்பது எளிதன்று. படலையின் அகலம், முடக்கின் வளைவு, மேலே தாழ்ந்து செல்லும் மின்கம்பி ஆகியவற்றை அளந்து பார்த்த பின்னர், 18 அடிப் படகைத் தேடி வந்தவர் 14 அடிப் படகே போதும் என்று திரும்பிச் செல்வதுமுண்டு. அது தோல்வியன்று; நல்ல தெரிவு. ட்ரெயிலரை உவர்நீரில் இறக்குவோர் அதன் சில்லுகளைக் கழுவி, உள்ளிருக்கும் குண்டுப் போதிகைகளுக்குக் கிறீஸ் இடுவதையும் வழக்கமாக்கிக்கொள்ள வேண்டும். இல்லையேல் துரு அவற்றைத் தின்றுவிடும்.

படகின் உடல்

மரத்தாற் கலம் கட்டுவதிற் பேர்பெற்ற நாடு நம்முடையது. வல்வெட்டித்துறையிற் கட்டப்பட்ட அன்னபூரணி என்னும் பாய்க்கப்பல் 1938ஆம் ஆண்டில் அத்திலாந்திக் சமுத்திரத்தைக் கடந்து அமெரிக்காவின் குளோசெஸ்டர் துறையை அடைந்தது. மரக்கலம் வைத்திருந்தோர் அதனைக் காலந்தவறாமற் கரையேற்றி, காயவிட்டு, எண்ணெய் பூசி, பொருத்துகளை அடைத்துப் பேணினர். இன்று மரத்தின் இடத்தைக் கண்ணாடி நாரிழை பிடித்துக்கொண்டது. நார்ப்படகு உக்காது, செல்லரிக்காது, ஆகவே கவனிக்க வேண்டியதில்லை என்று பலர் எண்ணுகின்றனர். நாரிழை உக்காது என்பது உண்மை. ஆனால், இயந்திரம் பூட்டும் பின்பலகையின் உள்ளே பெரும்பாலும் ஒட்டுப்பலகையே இருக்கின்றது. ஆணித்துளை வழியே நீர் உட்புகுந்தால் வெளித்தோல் பளபளப்பாயிருக்க, உள்ளே பலகை களியாகிவிடும். வெளியே நின்று பார்ப்பவருக்கு ஒன்றும் தெரியாது.

அடிப்பகுதியின் அமைப்பையும் இடமே தீர்மானிக்க வேண்டும். தட்டையான அடியுடைய படகு ஆழங்குறைந்த நீரிலும் மிதக்கும். நிற்கும்போது அதிகம் ஆடாது. ஆனால், அலை எழுந்தால் அதன்மேல் மொத்துண்டு இருப்போரின் முதுகை நோகச்செய்யும். கூரிய அடியுடைய படகு அலையைக் கிழித்துச் செல்லும். ஆனால் அதிக ஆழம் கேட்கும். நிற்கும்போது பக்கவாட்டில் ஆடும். யாழ்ப்பாணக் கடனீரேரியும் மட்டக்களப்பு வாவியும் ஆழங்குறைந்த நீர்நிலைகள். நம் நாட்டில் ஏற்றவற்றத்தின் வேறுபாடு ஒரு மீற்றருக்கும் குறைவு. ஆதலால், வற்றிய நீர் ஏற்றத்தோடு பெருகிவந்து சேற்றிற் புதைந்த படகைத் தூக்கிவிடும் என்று நம்பியிருத்தல் கூடாது. இத்தகைய நீரில் உலவும் குடும்பத்துக்குத் தட்டைக்கும் கூருக்கும் நடுப்பட்ட, அணியத்தில் மாத்திரம் ஓரளவு கூர்மையுடைய, அகலமான படகே ஏற்றது. மீன்பிடிக்கென்றே அமைந்த ஒடுங்கிய படகில் வலைக்கு இடமுண்டு. பிள்ளைகள் அமர இடம் குறைவு. ஏதோ ஒன்றைக் காண எல்லாரும் ஒரே பக்கம் சாய்வது பிள்ளைகளின் வழக்கம். அதனை அகலமான படகே தாங்கும்.

எப்படகாயினும், நீர் நிரம்பிய பின்னரும் மிதக்குமா என்று கேட்டறிதல் வேண்டும். இருக்கைகளின் கீழும் அணியத்திலும் அடைத்து மூடிய மிதவைப் பெட்டிகள் உள்ள படகு நிரம்பினாலும் மூழ்காது. பற்றிக்கொண்டு உதவிக்குக் காத்திருக்கலாம். இது இல்லாத படகைக் குடும்பத்துக்கென வாங்கலாகாது.

இயந்திரம்

இனி இயந்திரத்துக்கு வருவோம். இளைஞர் முதலிலே தொடங்குவது இங்கேதான். நாம் வேண்டுமென்றே பிற்படுத்தினோம்.

நீரைத் தள்ளிக்கொண்டு செல்லும் படகுக்கு அதன் நீளமே வேகத்தின் எல்லையை வகுக்கின்றது. நீர்மட்டத்தில் 16 அடி நீளமான படகு அவ்வாறு செல்லுகையில் மணிக்கு ஏறத்தாழ 10 கிலோமீற்றருக்கு மேற் போவது அரிது. அதற்குச் சிறு இயந்திரம் போதும். அவ்வெல்லையைத் தாண்டி, நீர்மேல் எழுந்து வழுக்கிச் செல்ல வேண்டுமெனின் பன்மடங்கு வலு வேண்டும். நான்கடிப்பு இயந்திரம் முழுவேகத்தில் ஒரு மணித்தியாலத்துக்கு எரிக்கும் பெற்றோல், குதிரைவலு ஒவ்வொன்றுக்கும் ஏறத்தாழ 0.38 லீற்றர் என்பது பொதுக்கணக்கு. அதன்படி 15 குதிரைவலு இயந்திரம் 5 முதல் 6 லீற்றரும், 40 குதிரைவலு இயந்திரம் 15 லீற்றரும் குடிக்கும். ஈரடிப்பு இயந்திரம் பாரம் குறைந்தது, பழுதுபார்க்க எளிது. ஆயினும் அதிகம் குடிக்கும், பெற்றோலில் ஒயிலும் கலக்க வேண்டும். மண்ணெண்ணெயில் ஓடும் இயந்திரங்களும் நம் துறைகளில் உண்டு. மலிவென்று கருதி அவற்றை நாடுவோர், 2022ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில் லீற்றர் 87 ரூபாவாக இருந்த மண்ணெண்ணெய் ஒரே நாளில் 340 ரூபாவாக உயர்ந்ததை நினைவிற் கொள்வார்களாக. மலிவு என்பது மாறக்கூடியது. குறைந்த வலு குறைந்ததையே குடிக்கும் என்பது மாறாதது.

உறங்கும் இடம் பற்றிய நமது கேள்வி இங்கும் உதவுகின்றது. 15 குதிரைவலு ஈரடிப்பு இயந்திரம் ஏறத்தாழ 36 கிலோகிராம் நிறையுடையது. இருவர் அதனைக் கழற்றித் தூக்கி வந்து வீட்டுக்குள் வைத்துப் பூட்டலாம். 40 குதிரைவலு இயந்திரமோ 70 கிலோகிராமுக்கும் மேல். அது படகிலேயே கிடக்கும். வெயில், மழை, கள்வன் மூன்றுக்கும் இரையாகும். வீட்டிலுள்ளோர் தூக்கக்கூடிய இயந்திரமே வீட்டுக்கு ஏற்ற இயந்திரம். அதன் தொடரிலக்கத்தை ஒரு கொப்பியில் எழுதிவைத்தலும் நன்று.

எத்தனை பேர் ஏறலாம்?

வகுப்பறையில் ஆர்க்கிமிடீசின் தத்துவத்தைக் கற்பிக்கும்போது நாம் கிண்ணத்தையும் கல்லையும் காட்டுகின்றோம். படகைக் காட்டினால் மாணவர்க்கு இன்னும் நன்றாக விளங்கும். நீர்மட்டத்தில் 60 சதுர அடிப் பரப்புடைய படகொன்றை எடுத்துக்கொள்வோம். அதனை ஓர் அங்குலம் கீழே தாழ்த்த 5 கன அடி நீரின் நிறை, அதாவது ஏறத்தாழ 140 கிலோகிராம் போதும். வளர்ந்தவர் இருவர் ஏற, படகு ஓர் அங்குலம் தாழும். அறுவர் ஏற மூன்று அங்குலம். பின் இயந்திரம், எரிபொருட்கலன், நங்கூரம், சோற்றுப் பெட்டி, தண்ணீர்ப் போத்தல் என்று சேரச் சேர, படகின் விளிம்புக்கும் நீருக்கும் இடையிலுள்ள தூரம் சுருங்கிக்கொண்டே வரும். சிற்றலையொன்று உள்ளே தெறித்தால், அந்நீர் ஒரு பக்கம் ஓடிச் சாய்வைப் பெருக்கும். சாய்ந்த பக்கத்தில் மேலும் நீர் புகும்.

ஐக்கிய அமெரிக்காவிற் சிறு படகுகளுக்கு வழங்கும் எளிய விதி ஒன்றுண்டு. நீளத்தையும் அகலத்தையும் அடியிற் கொண்டு பெருக்கி 15ஆற் பிரித்தால் ஏறத்தக்கவர் தொகை வரும். 18 அடி நீளமும் 5 அடி அகலமும் உள்ள படகுக்கு 6 பேர். அதுவும் அமைதியான நீரில், அதுவே மேலெல்லை. நம் வீட்டாரோ, கொஞ்சம் நெருங்கி இருங்கள் என்று எட்டாமவரையும் ஒன்பதாமவரையும் ஏற்றும் இயல்பினர். காரில் அது வசதிக்குறைவு. படகில் அது மரணம். 2021ஆம் ஆண்டு நவம்பர் 23ஆந் திகதி காலையில், திருகோணமலை மாவட்டத்துக் கிண்ணியா, குறிஞ்சாக்கேணியில், பாலம் கட்டப்பட்டுவந்த இடத்தில் மக்களை ஏற்றிச்சென்ற மிதவை கவிழ்ந்து பள்ளிச் சிறுவர்களும் உயிரிழந்ததை நாடு மறந்திருக்க முடியாது. அது ஆழ்கடலன்று, கரைகள் இரண்டும் கண்ணுக்குத் தெரியும் நீர்ப்பரப்பு.

ஆகவே, படகின் விலையோடு உயிர்காப்பு அங்கிகளின் விலையையும் சேர்த்தே கணக்கிடுக. பிள்ளைகளுக்குப் பெரியவரின் அங்கி உதவாது. அங்கியை அணிவித்து, இரு தோள்களிலும் பிடித்து மேலே தூக்கிப் பார்க்க வேண்டும். காது வரையில் ஏறினால் அது அப்பிள்ளைக்குப் பெரிது. அங்கியை மடித்து ஆசனமாகப் போட்டு இருக்கும் வழக்கம் அதன் மிதக்குந் தன்மையைக் கெடுக்கும். வெயிலிற் கிடந்து வெளிறிய அங்கியும் நம்பத்தக்கதன்று. நல்ல நீரிற் கழுவி நிழலில் தொங்கவிடுக. படகைப் போலவே அங்கியும் உறங்கும் முறையினாலேதான் நிலைக்கின்றது.

பழைய படகு வாங்குவோர்க்கு

புதிய படகு வாங்கும் வசதி எல்லார்க்கும் இல்லை. பழையதை வாங்குவோர் பகல் வெளிச்சத்தில், படகு கரையில் ஏற்றப்பட்டிருக்கும்போது பார்க்க வேண்டும். நாணயம் ஒன்றால் அடிப்பகுதி முழுவதையும் தட்டிச் செல்க. கணீரென்ற ஒலி வந்தால் நன்று. மந்தமான ஒலி வரும் இடத்தில் இழைப்படைகள் பிரிந்தோ நீர் ஊறியோ இருக்கும். பூட்டிய இயந்திரத்தின் அடிப்பாகத்தைக் கையாற் பிடித்து மேலும் கீழும் அசைத்துப் பார்த்தால், பின்பலகை வளைகின்றதா என்பது தெரியும். வளைந்தால் விலை பேசாமல் திரும்பிவிடுக. புதிதாகப் பூசிய வர்ணத்தைக் கண்டு மகிழாது, அது எதை மறைக்கின்றது என்று ஐயுறுக. 2004ஆம் ஆண்டுக் கடற்கோளின் பின்னர் அவசர அவசரமாகக் கட்டி வழங்கப்பட்ட படகுகளுட் பல தரங்குறைந்தவை என்பதை உலக உணவு விவசாய நிறுவனம் அக்காலத்திலேயே சுட்டிக்காட்டியது. எங்கே, எப்போது கட்டப்பட்டது என்று தெரியாத படகைக் கைதேர்ந்த ஓடாவி ஒருவரிடம் காட்டாமல் வாங்குதல் ஆகாது.

மீன்பிடிக்கும் படகு எதுவும் 1996ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கக் கடற்றொழில், நீர்வாழ் உயிரின வளங்கள் சட்டத்தின் கீழ்ப் பதிவுசெய்யப்பட வேண்டும். பழைய படகாயின் அதன் பதிவிலக்கமும் உரிமையாளர் பெயரும் பொருந்துகின்றனவா என்று மாவட்டக் கடற்றொழில் அலுவலகத்தில் விசாரித்த பின்னரே பணங் கொடுக்க வேண்டும். மீன் பிடிக்காது உலாவுவதற்கு மாத்திரம் என்றாலும், வேண்டிய அனுமதிகள் யாவை என்பதை அங்கேயே முன்கூட்டிக் கேட்டறிதல் நலம்.

உறங்கவைக்கும் முறை

கடலிலிருந்து திரும்பியவுடன் இயந்திரத்தின் உள்ளே நல்ல நீரை ஓடவிட வேண்டும். சிறிய இயந்திரத்தைப் பீப்பாய் ஒன்றில் நீர் நிரப்பி, அதனுள் நிறுத்திப் பத்து நிமிடம் மெதுவாக இயக்கினால் உப்பு வெளியேறிவிடும். நீரின்றி வெறுமனே இயக்கிப் பார்த்தல் கூடாது. உள்ளே நீரை இறைக்கும் இறப்பர் இதழ்கள் சில கணங்களில் எரிந்து கெட்டுவிடும். தீவுப்பகுதிகளிற் பல கிணறுகள் உவர்நீருடையன. அத்தகைய நீராற் கழுவுவது உப்பை உப்பாற் கழுவுவதேயாகும். அங்குள்ளோர் மாரியிற் சேர்த்த கூரைநீரை இதற்கென ஒதுக்கிவைத்தல் நன்று. கழுவிய இயந்திரத்தை நிமிர்த்தி வைக்கவேண்டும்; அப்போதுதான் உட்தங்கிய நீர் வடியும்.

சில மாதங்கள் ஓடாதிருக்குமெனின், எரிபொருட் குழாயைக் கழற்றிவிட்டு, இயந்திரம் தானாக நிற்கும்வரை ஓடவிடுக. தேங்கிய பெற்றோல் பசையாகி நுண்துளைகளை அடைக்கும். எரிபொருட்கலனைக் குசினியிலோ உறங்கும் அறையிலோ வைக்கலாகாது. பெற்றோலின் ஆவி காற்றிலும் பாரமானது. நிலத்தோடு படர்ந்து சென்று அடுப்பைத் தேடிக்கொள்ளும். பற்றரியைக் கழற்றி, மாதம் ஒருமுறை மின்னேற்றி வைக்கவேண்டும். குளவி கூடுகட்டி நீர் வெளிவரும் துளையை அடைத்துவிடுவதும் உண்டு. மீண்டும் இறக்குமுன் அத்துளையைக் குத்திப் பார்த்தல் வேண்டும்.

படகை இரு முனைகளில் மாத்திரம் கல் வைத்து நிறுத்தினால் நடுப்பகுதி மெல்ல வளைந்துவிடும். ஏராவின் நீளத்துக்கு மூன்று நான்கு இடங்களில் தாங்கல் வேண்டும். இயந்திரத்தின் கீழும் ஒன்று அவசியம். முருகைக்கல்லின் மேல் வைக்காது, பழைய டயர்களின் மேல் வைத்தால் அடிப்பகுதி உராயாது. அணியம் சிறிது உயர்ந்திருக்க வேண்டும். பின்புறத்து வடிதுளையின் அடைப்பானைக் கழற்றி வைத்தால், விழும் மழை தானே வழிந்தோடும். கழற்றிய அடைப்பானை இயந்திரத்தின் கைபிடியிலே கட்டித் தொங்கவிடுக. அடைப்பானை மறந்து படகை நீரில் இறக்கியவர் உலகெங்கும் உளர்.

மூடும் விடயத்தில் நம் முன்னோரின் கிடுகுக் கொட்டிலுக்கு நிகரில்லை. வெயிலை மறைக்கும், காற்றை விடும். பிளாத்திக்கு விரிப்பைப் படகின்மேல் இறுக மூடினால், உள்ளே வெப்பத்தால் நீர் வியர்த்துப் பூஞ்சணம் பிடிக்கும். விரிப்பே போடுவதாயின், வளைகம்பு நாட்டி உயர்த்தி, இரு முனைகளையும் திறந்து விடுக.

காற்றும் மாரியும்

மூடாத படகொன்றில் ஓர் அங்குல மழை பெய்தால் எவ்வளவு நீர் சேரும்? நாம் மேலே எடுத்துக்கொண்ட 60 சதுர அடிப் படகில் அதே 140 கிலோகிராம். நான்கு அங்குலம் பெய்தால் அரைத் தொன்னுக்கும் மேல். துறையில் மிதக்கும் படகு மூழ்கவும், கரையில் நிற்கும் படகின் ட்ரெயிலர் நெளியவும் ஒரே இரவு போதும்.

நாட்காட்டியைப் பாருங்கள். மன்னாரையும் வன்னியையும் தாக்கிய சூறாவளி வந்தது 1964ஆம் ஆண்டு டிசெம்பர் 22ஆந் திகதி. மட்டக்களப்பைச் சிதைத்த சூறாவளி 1978ஆம் ஆண்டு நவம்பர் 23ஆந் திகதி இரவு. திருகோணமலைக்கும் முல்லைத்தீவுக்கும் இடையே புரெவி கரைகடந்தது 2020ஆம் ஆண்டு டிசெம்பர் 2ஆந் திகதி. மூன்றும் கார்த்திகை, மார்கழி மாதங்களைச் சேர்ந்தவை. ஆகவே ஐப்பசி பிறந்ததும் குடும்பப் படகு வீட்டுக்கு வந்துவிட வேண்டும். தைப்பொங்கல் கழிந்த பின்னரே மீண்டும் நீரைப் பார்க்கவேண்டும். வைகாசி முதல் புரட்டாதி வரை சோளகம் வீசும். அக்காலத்தில் குறிகாட்டுவானுக்கும் நெடுந்தீவுக்கும் இடைப்பட்ட கடல் பெரிய வள்ளங்களையே ஆட்டிவைக்கும். பழகாத குடும்பத்தார் காலை வேளையில், கரை தெரியும் தூரத்தில் உலவுவதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். வளிமண்டலவியல் திணைக்களம் வெளியிடும் கடற்பிரதேச வானிலையறிக்கையைக் கேட்காமற் புறப்படுதல் ஆகாது. எரிபொருளை மூன்று பங்காக்குக: போவதற்கு ஒன்று, மீள்வதற்கு ஒன்று, எண்ணாததற்கு ஒன்று.

இன்னுமொன்று. படகோட்டுபவர் தந்தையாகவே இருப்பார். அவர் தவறி நீரில் விழுந்தால் யாது செய்வது? இயந்திரத்தை நிறுத்தும் கயிற்றை ஓட்டுபவர் தம் கையிற் கட்டிக்கொள்ள வேண்டும். அவர் விழுந்தால் இயந்திரமும் நிற்கும். அதன்பின் படகிலுள்ள ஒருவர் அதனை மீண்டும் இயக்கித் திருப்பி, அவரிடம் கொண்டுவர அறிந்திருக்க வேண்டும். பெரும்பாலும் அவர் தாயாராகவே இருப்பார். ஆதலால், தாயார் படகோட்டப் பழகும்வரை பிள்ளைகள் ஏறலாகாது என்பதை வீட்டு விதியாக வைத்துக்கொள்க.

படகு வாங்க எண்ணும் அன்பர்கள் விற்பனையாளரிடம் செல்லுமுன், 23 அடிக் கயிறொன்றை எடுத்துக்கொண்டு, இல்லாளையும் பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு தம் வளவைச் சுற்றி வருவார்களாக. எங்கே நிறுத்துவது, யார் தூக்குவது, யார் கழுவுவது, மாரியில் யார் மூடுவது என்பவற்றை அங்கே நின்று பேசித் தீர்மானிப்பார்களாக. ஒவ்வொன்றுக்கும் ஒருவர் பெயர் சொல்ல முடிந்தால், எத்தனை அடிப் படகு, எத்தனை குதிரைவலு என்ற கேள்விகளுக்கு விடை தானே வந்து நிற்கும். சொல்ல முடியாதாயின், இவ்வாண்டு துறையிலே தெரிந்த ஒருவரின் படகை நாட்கூலிக்கு அமர்த்திக்கொண்டு கடலைக் கண்டு வருக. கடல் எங்கும் போய்விடாது.